கல்திரையும் ஒளித்திரையும்

கூடுவாஞ்சேரியைச் சூழ்ந்த நாடு திருமங்கையாழ்வாரின் திருவாக்கால் பெருமை பெற்ற நாடு. வடக்கே திருநீர்மலை, கிழக்கே கடலோரத்தில் திருவிடவெந்தை, தென்கிழக்கே திருக்கடல்மல்லை ஆகிய மூன்று திவ்ய தேசங்களும் அவ்வாழ்வாரால் மங்களாசாஸனம் செய்யப்பெற்றவை. ஆழ்வாருடைய அர்ச்சைத் திருமேனியைச் சேவித்தவர்கள் அதன் அழகை அறிவார்கள். வாளும் கேடயமும் ஏந்திய வீரனே அடியவனாகி நிற்கும் கோலம் அது. அத்தகைய திருமேனி ஒன்று, 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. லண்டன் ஏலக்கடை ஒன்றில் விலை கொடுத்து வாங்கப்பட்ட பொருளாக அது அங்கே சென்றது.

உற்சவத்திற்கு வரும் அன்பர்களின் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அதன் சிறிய திரையில் அந்தத் திருமேனியின் படத்தைக் காணும் பக்தன் தன்னையறியாமல் கைகூப்புகிறான். கூப்பிய கை இறங்குமுன் ஒரு கேள்வி அவன் உள்ளத்தில் எழுகிறது. திரையில் தெரிவது ஆழ்வாரா, கலைப்பொருளா? அதைக் காட்டும் உரிமை யாருக்கு உண்டு? படத்தின்கீழ் எழுதப்பட வேண்டிய சொல் யாது? களவுபோன ஒரு திருமேனியின் வடிவத்தை உலகெங்கும் கணினித் திரைகளில் காட்டுவது களவின் தொடர்ச்சியா, அல்லது களவைத் தீர்க்கும் வழியா?

கேள்வி புதியது போலத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காண வேண்டிய இடம் பழைய சம்பிரதாயமேயாகும்.

அர்ச்சையின் எளிமை

எம்பெருமானுக்கு ஐந்து நிலைகள் உண்டென்பது பெரியோர் கொள்கை. பரமபதத்தில் விளங்கும் பரம், பாற்கடலில் பள்ளிகொண்ட வியூகம், இராமனும் கண்ணனுமாய் வந்த விபவம், உயிர்தோறும் உறையும் அந்தர்யாமித்வம், கோயில்களிலும் இல்லங்களிலும் எழுந்தருளியிருக்கும் அர்ச்சை என்பன அவை. இவற்றுள் அர்ச்சையே எளிமைக்கு எல்லைநிலமாகும். பரமபதம் எட்டாதது, விபவம் காலத்தால் கடந்துபோனது. அர்ச்சையோ கண்ணுக்கு முன்னே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது.

இந்த எளிமைக்கு எம்பெருமான் கொடுக்கும் விலை பெரிது. அனைத்துலகையும் காப்பவன் அர்ச்சையில் அர்ச்சகனுக்கு வசப்பட்டவனாகிறான். அவன் நீராட்டினால் நீராடுகிறான். அமுது படைத்தால் அமுது செய்கிறான். கதவைத் திறந்தால் சேவை தருகிறான். கதவைப் பூட்ட மனிதன் மறந்தால் கள்வன் கையிலும் அகப்படுகிறான். இது ஆற்றலின்மை அன்று. அடியார்பால் வைத்த நம்பிக்கை. ஆகவே ஒரு திருமேனி களவுபோகும்போது இழக்கப்படுவது உலோகத்தின் விலை மட்டுமன்று. எம்பெருமான் மனிதன்மேல் வைத்த நம்பிக்கை அங்கே முறிகிறது.

நீதிமன்றங்களும் இதற்கு நெருக்கமான ஒரு கொள்கையை ஏற்றிருக்கின்றன. பிரதிஷ்டை செய்யப்பட்ட தெய்வம் உடைமை கொள்ளத்தக்க ஒருவராகவே இந்தியச் சட்டத்தில் கருதப்படுகிறது. தஞ்சைத் தரணியில் பத்தூர் என்னும் சிற்றூரில் 1976ஆம் ஆண்டில் மண்ணுக்கடியில் கிடைத்துக் கடல்கடந்துபோன நடராஜர் திருமேனிக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பூசையின்றிச் சிதைந்து கிடந்த அக்கோயிலே தன் உடைமையைக் கோரும் வழக்காளியாக அங்கே ஏற்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் திருமேனி தமிழகம் திரும்பியது. சைவத் திருமேனியாயினும் அத்தீர்ப்பு எல்லாக் கோயில்களுக்கும் பொருந்தும் ஓர் உண்மையை உலகறியச் செய்தது. கோபுரம் இடிந்தாலும் உரிமை இடிவதில்லை.

கல்திரை

மறைப்பது கடமையா, காட்டுவது கடமையா என்ற கேள்வி திருவரங்கத்தில் ஒரு முறை உயிர்ப்பிரச்சினையாக எழுந்தது. 1323ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து படை வந்தபோது பெரிய பெருமாளுக்கு முன்னே கல்லால் திரையெழுப்பி மூலவரை மறைத்தனர். உற்சவரான அழகிய மணவாளரைப் பிள்ளை லோகாசாரியர் முதலான பெரியோர் மறைவாக எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றனர். முதுமையில் அப்பயணத்தை மேற்கொண்ட லோகாசாரியர் மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் பல ஊர்களும் மலைகளும் காடுகளும் கடந்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1371ஆம் ஆண்டில் அரங்கம் மீண்டார்.

மீண்டபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அங்கே பிரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதனம் நடந்து வந்தது. பழைய பெருமாளைக் கண்ணால் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். வந்தவர் அவர்தாமா என்ற ஐயம் எழுந்தது. அப்போது பார்வையிழந்த முதியவரான ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார். பெருமாளின் ஈர ஆடையைத் துவைத்துத் தரும் கைங்கர்யம் அவருடையது. இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தனர். அவர் வாங்கி நுகர்ந்து, இவரே நம்முடைய பெருமாள் என்று அடையாளம் காட்டினார். அன்றுமுதல் அழகிய மணவாளருக்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் நிலைத்தது என்று கோயிலொழுகு கூறும்.

இந்த வரலாற்றில் இரண்டு நீதிகள் அடங்கியுள்ளன. உடைமையை நிலைநாட்டியது அரசனின் ஆணையன்று. தொண்டு செய்தவன் ஒருவனின் நினைவு. இது முதல் நீதி. இடைக்காலத்தில் ஆராதிக்கப்பட்ட திருமேனி தள்ளப்படவில்லை என்பது இரண்டாம் நீதி. திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்துடன் அவரும் உரிய மரியாதையோடு அங்கேயே எழுந்தருளியிருக்கிறார். உரிமையாளர் திரும்பி வந்தார். அவர் இல்லாதபோது அன்பர் குறையைத் தீர்த்தவரும் மதிக்கப்பட்டார்.

படம் சொன்ன சாட்சி

இன்றைய ஈரங்கொல்லியின் இடத்தில் நிற்பது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகத்துக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்து வைத்தனர். அவ்வகையில் சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை. கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோயில் என்னும் ஊரில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு அவர்கள் 1957ஆம் ஆண்டில் சென்றபோது அங்கிருந்த திருமங்கையாழ்வார் திருமேனியும் படமாயிற்று. அந்தப் படத்தையும் ஆக்ஸ்போர்டில் இருந்த திருமேனியையும் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஒப்புநோக்கினார். 2019ஆம் ஆண்டு இறுதியில் அருங்காட்சியகத்தாரே லண்டனிலுள்ள இந்தியத் தூதரகத்திற்குச் செய்தி தெரிவித்தனர். தமிழகத்தின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் விசாரித்தபோது, கோயிலில் அதுவரை ஆராதிக்கப்பட்டு வந்தது பிற்காலத்தில் செய்து வைக்கப்பட்ட போலி என்று தெரிந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேரவை, திருமேனியைத் திருப்பித் தரவேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையை ஆதரித்தது.

இதற்கு முன்பே மற்றொரு வைணவக் கோயிலுக்கு அப்படங்கள் துணைசெய்தன. தரங்கம்பாடிக்கு அருகே ஆனந்தமங்கலம் ராஜகோபாலஸ்வாமி கோயிலிலிருந்து 1978ஆம் ஆண்டில் இராமபிரான், சீதாப்பிராட்டி, இளையபெருமாள் திருமேனிகள் களவுபோயின. 1958ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டிருந்த படங்களைக் கொண்டு அவை அடையாளம் காணப்பட்டன. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் தமிழகத்தாரிடம் வழங்கப்பட்டன. பதினான்கு ஆண்டு வனவாசத்தை இராமாயணம் பாடிற்று. இக்கோயிலின் இராமபிரானுக்கு நேர்ந்த பிரிவு நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

படம் எடுத்தவர்கள் வழிபாட்டுக்காக எடுக்கவில்லை, கலையாராய்ச்சிக்காக எடுத்தார்கள். பெட்டிகளில் கிடந்த அப்படங்கள் கணினியில் ஏற்றப்பட்டுப் பிற படங்களோடு ஒப்பிடத்தக்கவை ஆனபோதுதான் அவற்றின் சாட்சியம் எளிதாக வெளிப்பட்டது. அன்று கல்திரை பெருமாளைக் காத்தது மறைத்ததனால். இன்று ஒளித்திரை காக்குமாயின் அது காட்டுவதனால்.

உலோகத்தை ஆராயலாமா?

இங்கே ஆஸ்திக அன்பர் ஒருவர் தடை எழுப்பக்கூடும். அர்ச்சாவதாரத்தை இன்ன உலோகம், இன்ன எடை, இன்ன நூற்றாண்டு என்று ஆராய்வது பெரும் அபசாரமென்று பூர்வாசார்யர்கள் கடிந்திருக்கிறார்கள். பெற்ற தாயை ஆராய்வதற்கு ஒப்பான பாவம் அது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்கத் திருமேனியை நான்கு புறமும் படமெடுத்து, அளவெடுத்து, வெட்டுத்தழும்பும் தேய்வும் எங்கேயிருக்கின்றன என்று குறித்துக் கணினியில் ஏற்றுவது தகுமோ?

தடை வலியது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. ஆயினும் பூர்வாசார்யர்கள் கடிந்தது எதனை என்று காணவேண்டும். எம்பெருமானை வெறும் உலோகமென்று எண்ணும் புத்தியையே அவர்கள் கடிந்தனர். கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த தாய், காவலரிடம் குழந்தையின் நிறத்தையும் உயரத்தையும் கன்னத்து மச்சத்தையும் சொல்கிறாள். அவள் குழந்தையை ஆராய்ந்தவள் ஆகமாட்டாள். அடிமைச் சந்தையில் விலைபேசுகிறவன் அதே நிறத்தையும் உயரத்தையும் சொன்னால் அது கொடுமை. சொல் ஒன்றே, நோக்கம் வேறு.

ஆகவே திருமேனியின் அடையாளங்களைக் குறிப்பது தானாகப் பாவமுமன்று, தானாகப் புண்ணியமுமன்று. விற்கவும் தன்னுடையதாக்கிக்கொள்ளவும் செய்யும் ஆராய்ச்சி அபசாரம். வீடு சேர்க்கச் செய்யும் ஆராய்ச்சி கைங்கர்யம். ஈரங்கொல்லியும் ஒருவகையில் ஆராய்ந்தவரே.

படத்தின்கீழ் எழுதும் சொல்

படத்தைக் காட்டுவது ஒன்று. படத்தைப் பற்றிச் சொல்வது மற்றொன்று. அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் ஒரு திருமேனியின்கீழ் வழக்கமாகக் காணப்படும் குறிப்பு எளியது. வெண்கலச் சிற்பம், தென்னிந்தியா, இத்தனையாம் நூற்றாண்டு, இன்ன ஆண்டில் வாங்கப்பட்டது என்பதோடு அது முடிந்துவிடும். இச்சொற்களில் பொய் ஒன்றுமில்லை. ஆயினும் உண்மை முழுவதும் இல்லை. எந்த ஊர், எந்தக் கோயில், யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த அனுமதியோடு என்ற கேள்விகளுக்கு அங்கே விடையில்லை. தென்னிந்தியா என்ற ஒரு சொல்லில் ஓர் ஊரின் பெயர் கரைந்து போகிறது. வாங்கப்பட்டது என்ற ஒரு சொல்லில் களவு மறைந்து போகிறது. சொல்லாமல் விடுவதும் சில வேளைகளில் பொய்க்குச் சமமாகிறது.

ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தார் நல்லெண்ணத்தோடு வாங்கியதாகச் சொன்னார்கள். தங்களுக்குக் கிடைத்த செய்தியைத் தாங்களே முன்வந்து தெரிவித்தார்கள். அதைப் பாராட்டுவது நியாயம். பாராட்டுவதனால் கேள்வி மறைந்துவிடாது. நல்லெண்ணத்தோடு வாங்கியவனும், பொருளின் உரியவர் இன்னாரென்று அறிந்தபின் அந்தப் பெயரை எழுதக் கடமைப்பட்டவனாகிறான்.

இவ்வாறு எழுதுவது இயலாத காரியமன்று என்பதற்கு ஆப்பிரிக்க தேசத்தில் ஓர் உதாரணம் உண்டு. இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரை 1897ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை தாக்கியபோது அரண்மனையிலிருந்து ஆயிரக்கணக்கான கலைப்பொருள்கள் கொள்ளைபோயின. 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டிஜிட்டல் பெனின் என்னும் கணினித் தொகுப்பில் 131 நிறுவனங்களிடமுள்ள 5,000க்கும் மேற்பட்ட பொருள்களின் விவரங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டன. அவ்வூர் மக்கள் தம் எடோ மொழியில் வழங்கும் பெயர்களும் அங்கே இடம்பெற்றன. பொருள்கள் எல்லாம் வீடு திரும்பிவிடவில்லை. ஆயினும் எவை எங்கே இருக்கின்றன என்பது வெளிச்சத்திற்கு வந்தது. கேட்க வேண்டியவர் யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டனர்.

தமிழகத்துத் திருமேனிகளுக்கும் இது பொருந்தும். திரையில் ஒரு திருமேனியைக் காட்டுகிறவர் எவராயினும் நான்கு செய்திகளைச் சேர்த்துக் காட்டக் கடமைப்பட்டவர். அடியார்கள் வழங்கும் திருநாமம், எழுந்தருளியிருந்த ஊரும் கோயிலும், அங்கிருந்து நீங்கிய விதம், இன்று உரிமை கோருவோர் யார் என்பவை அவை. ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதலாம். ஐயத்தை மறைத்து உறுதிபோலக் காட்டுவதே தவறு.

பிரதி போதுமா?

கணினிக் கலை வளர்ந்ததால் வேறொரு வாதமும் எழுந்திருக்கிறது. திருமேனியின் ஒவ்வோர் அங்குலத்தையும் அளந்து, திரையில் நாற்புறமும் சுழற்றிக் காணும்படியான முழுவடிவத்தை அமைத்துவிடலாம். வேண்டுமானால் அச்சொட்டான பிரதியும் செய்யலாம். கிரேக்க நாட்டுப் பார்த்தினன் கோயிலின் சிற்பங்கள் லண்டனில் இருப்பதுபற்றி நெடுங்காலமாக வழக்கு நிகழ்கிறது. அவற்றுள் ஒரு குதிரைத் தலையை 2022ஆம் ஆண்டில் சிலர் கைப்பேசி போன்ற கருவிகளால் அளந்து, இயந்திரத்தைக் கொண்டு சலவைக்கல்லில் செதுக்கிக் காட்டினர். அவர்கள் சொன்னது, பிரதியை அருங்காட்சியகம் வைத்துக்கொண்டு மூலத்தை ஏதென்ஸுக்கு அனுப்பலாம் என்பது. அதே கருவியை வைத்துக்கொண்டு மறுதலையாகவும் வாதாடலாம். படம் உலகமெங்கும் கிடைக்கும்போது மூலம் எங்கிருந்தால் என்ன, பிரதியைப் பெற்றுக்கொண்டு கோயிலார் அமைதியடையலாமே என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும்.

வைணவ நெறியில் இதற்கு விடை தெளிவு. திரையிலுள்ள வடிவத்தைக் காணலாம். அதற்குத் திருமஞ்சனம் செய்ய இயலாது. அதற்கு அமுது படைத்துப் பிரஸாதம் பெற இயலாது. தோளில் சுமந்து வீதியில் எழுந்தருளப்பண்ண இயலாது. அர்ச்சையின் உயிர் காட்சியில் மட்டும் இல்லை. தொண்டு கொள்வதில் இருக்கிறது. காட்சியைத் திரை தருகிறது. தொண்டு கொள்ளும் நிலையைத் திரை தருவதில்லை. திருடியவன் பொருளின் படத்தை உடையவனிடம் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று சொன்னால் உலகம் ஏற்காது. கோயிலுக்கு மட்டும் வேறு நீதி இருக்க நியாயமில்லை.

ஆயினும் திரைக்காட்சியை வெறும் மாயை என்று தள்ளுவதும் பிழை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவிக் கோயிற்கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில், முதியோரும் நோயாளரும் வீட்டிலிருந்தே திரையில் பெருமாளைக் கண்டு கண்ணீர் பெருக்கினர். அந்தக் கண்ணீர் பொய்யன்று. அவ்வாறே சுந்தரபெருமாள்கோயிலில் போலி என்று அறியாமல் பல்லாண்டுகள் கைகூப்பிய ஊராரின் பக்தியும் வீணாகப் போகவில்லை. அன்பன் உருவமைத்து அழைத்தால் அவ்வுருவத்தில் இசைந்து நிற்பதே எம்பெருமானின் சீலம். ஏமாற்றியவனின் பாவம் ஏமாந்தவனின் பக்தியைக் கெடுக்காது. பக்தி பழுதுபடவில்லை என்பதனால் ஏமாற்றியவனின் கடனும் தீர்ந்துவிடாது. திருவரங்கத்து இரண்டு திருமேனிகளும் கற்பிக்கும் பாடம் இதுவே.

பிற தேசத்தார் திருமேனியைப் போற்றிக் காத்தனரே, அதற்கு மதிப்பில்லையா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. திருநாராயணபுரத்துச் செல்வப்பிள்ளை டில்லி அரண்மனையில் இருந்தபோது அரசகுமாரி அவரைப் பேரன்போடு வைத்திருந்தாள் என்று குருபரம்பரை கூறும். எம்பெருமானார் சென்று, தம் உரிமையைச் சொல்லி, செல்வப்பிள்ளையை மீட்டுவந்தார். பிரிவாற்றாமல் பின்தொடர்ந்து வந்த அரசகுமாரியை அந்தக் கோயில் விலக்கவில்லை. துலுக்க நாச்சியார் என்று பெருமாளின் திருவடியில் இடம் தந்து இன்றும் போற்றுகிறது. உரிமையை விடாமையும் அன்பை மறவாமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அயல்நாட்டார் காட்டிய அக்கறைக்கு நன்றி சொல்லலாம். அதற்கு விலையாகத் திருமேனியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது

கோயிலார் பலர் படமெடுப்பதையே அஞ்சுகின்றனர். அவ்வச்சம் காரணமற்றதன்று. எந்தக் கோயிலில் எந்தத் திருமேனி எந்த அறையில் இருக்கிறது என்பது வெளிப்பட்டால் அது கள்வனுக்கு வரைபடமாகலாம். நுண்ணிய அளவுகள் கிடைத்தால் போலி செய்வோனுக்கும் வசதியாகலாம். மறைத்தால் என்ன நேரும் என்பதற்கும் சுந்தரபெருமாள்கோயிலே சாட்சி. 1957ஆம் ஆண்டுப் படம் ஒன்று இல்லாதிருந்தால், ஆழ்வார் ஊரற்றவராக, பெயரற்றவராக அயல்நாட்டில் நின்றிருப்பார். மாற்றி வைத்ததை ஊரார் அறியவே வழியிருந்திராது.

இதற்கும் கோயிலின் வழக்கமே வழிகாட்டுகிறது. மூலவர் கருவறையைவிட்டு வெளிவருவதில்லை. உற்சவரோ வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீதிக்கு எழுந்தருளுகிறார். கோயிலுக்கு வர இயலாதவனும் தன் வாசலில் நின்று சேவிக்கட்டும் என்ற திருவுள்ளத்தால் வருகிறார். வீதியில் எல்லோருக்கும் காட்டிய திருமேனியை ஒளித்திரையில் காட்டுவது அவர் திருவுள்ளத்திற்கு மாறாகாது. கருவறைச் சேவையும், திரையிட்டுச் செய்யும் திருமஞ்சனமும் அமுதுபடியும் அவ்வாறல்ல. அவற்றை உலகிற்குக் காட்டவேண்டிய அவசியமில்லை. அடையாளத்திற்கு வேண்டிய நுண்விவரங்களும் பாதுகாப்பறையின் செய்திகளும் கோயிலாரிடமும் உரிய அதிகாரிகளிடமும் முத்திரையிட்ட பதிவாக இருக்கலாம். எல்லாவற்றையும் பதிந்து வைப்பது வேறு, எல்லாவற்றையும் வெளியிடுவது வேறு. முன்னது கடமை, பின்னதற்கு விவேகம் வேண்டும்.

ஆழ்வாரும் நாகை விக்கிரகமும்

பிறர்மீது நியாயம் கேட்பவன் தன் வீட்டுக் கணக்கையும் திறந்து வைக்க வேண்டும். திருமங்கையாழ்வார் திருவரங்கத்துத் திருமதில் கைங்கர்யத்திற்குப் பொருள் தேடியபோது, நாகப்பட்டினத்துப் பௌத்தக் கோயிலிலிருந்த பொன் விக்கிரகத்தைக் கவர்ந்துவந்தார் என்று குருபரம்பரை நூல்களே கூறுகின்றன. நாகையில் பௌத்தம் செழித்திருந்ததற்கு மண்ணே சாட்சி சொல்லியிருக்கிறது. 1856ஆம் ஆண்டு முதற்கொண்டு அங்கே ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருவுருவங்கள் கிடைத்தன. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

இக்கதையைக் காட்டி ஒருவர் வாதாடலாம். அன்று ஆழ்வார் செய்ததை இன்று பிறர் செய்தால் குறை சொல்ல வைணவர்க்கு வாயுண்டோ என்று கேட்கலாம். சம்பிரதாயத்தின் விடை இங்கே கவனிக்கத்தக்கது. அக்கதையை எழுதியவர்கள் பகைவர் அல்லர்; ஆழ்வாரையே தெய்வமாகத் தொழுதவர்கள். அவர்கள் அதை மறைக்கவில்லை. ஆழ்வார் முன்பு வழிப்பறி செய்தவர் என்பதையும் மறைக்கவில்லை. மணவாளக் கோலத்தில் வந்த எம்பெருமானையே மறித்துப் பொருள் பறிக்க முயன்று, கட்டிய மூட்டையைத் தூக்கமாட்டாமல் நின்று, திருமந்திரம் பெற்ற வரலாற்றைத் திருவரங்கம் ஆண்டுதோறும் வேடுபறி உற்சவமாக எல்லோரும் காண நடத்துகிறது. தவறியதையும் திருந்தியதையும் வீதியில் நடித்துக் காட்டும் துணிவு ஒரு சம்பிரதாயத்திற்கு அணிகலன்.

ஆதலால் அந்தக் கதை கோயிலின் உரிமையைக் குறைக்கவில்லை. கோயிலார் கேட்கும் கேள்விக்கு நேர்மையைச் சேர்க்கிறது. தன் ஆழ்வாரின் வரலாற்றை முழுவதும் சொல்லத் துணிந்தவர்கள், தங்கள் அலமாரியிலுள்ள பொருளின் வரலாற்றை முழுவதும் சொல்லுங்கள் என்று அருங்காட்சியகங்களைக் கேட்கலாம். நாகைத் திருவுருவங்களைத் திரையில் காட்டும்போதும் இதே நீதி வேண்டும். அவற்றை வழிபட்டவர்கள் இன்று அவ்வூரில் இல்லை என்பதனால் அவற்றின் ஊரும் பெயரும் மறைக்கப்படலாகாது.

ஊராரின் கைங்கர்யம்

கடல்கடந்து போனவை திரும்பினாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. பாதுகாப்புக் கருதிப் பல திருமேனிகள் சொந்தக் கோயிலை விட்டு அரசின் பாதுகாப்பு மையங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. காவல் தேவையே. ஆயினும் தேசத்திற்குத் திரும்பியது என்பது ஒன்று, ஊருக்குத் திரும்பியது என்பது மற்றொன்று. பூட்டிய அறையிலுள்ள பெருமாளின் படத்தைப் பார்த்து ஊரார் நிறைவடைய வேண்டுமென்றால், அருங்காட்சியகத்தாரிடம் மறுத்த வாதத்தையே தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதாக முடியும். காவலையும் பூசையையும் ஒருங்கே தரும் கோயில்களை உண்டாக்குவதே முழு மீட்பாகும்.

அதற்குத் தொடக்கம் பெரிய ஊர்களில் இல்லை. தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு வரையில் நெடுஞ்சாலையின் இருமருங்கும் நகரம் பெருகி வருகிறது. வயல்கள் மனைகளாயின. பழைய ஊர்களில் புதிய குடிகள் ஏறினர். அடுக்குமாடிகளுக்கிடையே ஒதுங்கி நிற்கும் சிறு பெருமாள் கோயில்களில், உற்சவரின் திருமுகத்தை நெருங்கி அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். திருவரங்கத்தில் ஓர் ஈரங்கொல்லியாவது மிஞ்சியிருந்தார். எல்லா ஊர்களுக்கும் அந்தப் பேறு கிட்டும் என்று சொல்ல இயலாது.

ஆகவே உற்சவத்திற்கு வரும் அன்பர் கைப்பேசியை உயர்த்தி ஒரு படம் எடுக்கும்போது, அதை வேடிக்கையாக மட்டும் கருத வேண்டியதில்லை. பெருமாளின் திருநாமம், ஊர், நாள் மூன்றையும் சேர்த்துக் கோயிலாரின் அனுமதியோடு அதைப் பதிந்து வைத்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதுவே சாட்சியாகலாம். கோயிலார் தம் திருமேனிகளின் பதிவேட்டைப் புதுப்பித்துப் படத்துடன் காப்பது அதனினும் பெரிய கைங்கர்யம். முதியோர் தம் பேரப்பிள்ளைகளுக்கு, உற்சவரின் திருக்கரத்திலுள்ள சங்கு எப்படியிருக்கும், திருவடியில் எந்த இடம் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றினும் பெரியது. படம் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியைக் கேட்டு, இவர் எங்கள் பெருமாள் என்று எழுந்து நிற்பதற்கு ஓர் ஊர் வேண்டும்.

கல்திரை எழுப்பியவர்கள் பெருமாளைக் காக்க மறைத்தனர். ஒளித்திரையில் காட்டுகிறவர்கள் காக்கவே காட்டட்டும். மறைத்தாலும் காட்டினாலும் நோக்கம் ஒன்றே: எம்பெருமான் தன் ஊரில், தன் அடியார் நடுவே எழுந்தருளியிருக்க வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தவரையும் ஆழ்வாராக்கிய திருமந்திரம், கவர்ந்தவற்றைத் திருப்பித் தரும் நன்னெஞ்சை உலகத்தார்க்கும், தம்முடையதைக் காக்கும் விழிப்பை அடியார்க்கும் அருளுமாக.